அல்லங்காடி: கோயில் வாசலில் ஓர் இரவுச் சந்தை

மதுரைக்குப் போய்வரும் நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ராத்திரி பதினோரு மணிக்கு இந்த ஊரில் இவ்வளவு பேர் தெருவில் என்ன செய்கிறார்கள்?" பெரியவர்கள் "தூங்கா நகரம்டா" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பதிலாகாது. ஓர் ஊர் தூங்காமல் இருக்கக் காரணங்கள் உண்டு. ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் யந்திரங்களோடு பழகியவன் என்ற முறையில், எந்த விஷயமும் எப்படி ஓடுகிறது என்று கழற்றிப் பார்ப்பது என் வழக்கம். மதுரை மீனாட்சி கோயிலைச் சுற்றி நடக்கும் இரவு வியாபாரத்தை அவ்வாறே கழற்றிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அதில் மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் நமக்கு ஒரு செய்தியும் இருக்கிறது.

பெயரும் பழமையும்

பகலில் கூடும் சந்தைக்கு நாளங்காடி என்றும் இரவில் கூடும் சந்தைக்கு அல்லங்காடி என்றும் பழந்தமிழில் பெயர். அல் என்றால் இரவு. பத்துப்பாட்டு நூல்களில் மிக நீளமானது 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார் பாடியது. பாண்டியன் நெடுஞ்செழியனின் மதுரையில் ஒரு முழுநாள் எப்படிக் கழிகிறது என்பதை அதில் பார்க்கலாம். மாலை மயங்கியதும் அல்லங்காடியின் இரைச்சல் எழுகிறது. கூடு திரும்பும் பலவகைப் பறவைகளின் சத்தத்தை அதற்கு உவமையாகச் சொல்கிறார் புலவர். இரவின் முதல் யாமம் கழிந்ததும் கடைகளை அடைக்கிறார்கள். அடையும் மோதகமும் விற்பவர்கள் தங்கள் பண்டங்களின் பக்கத்திலேயே தூங்கி விழுகிறார்கள். இன்றும் மாசி வீதியில் இரவு பன்னிரண்டு மணிக்கு இட்லிக் கடையில் இதே காட்சியைப் பார்க்கலாம்.

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்துக் கடற்கரையிலும் இரவு வியாபாரம் நடந்தது. பூ விற்பவர், கம்மியர், பிட்டு வணிகர், அப்பம் சுடுபவர், மீன் விற்பவர் என்று ஒவ்வொருவர் விளக்கையும் இளங்கோவடிகள் தனித்தனியே எண்ணுகிறார். அந்தப் பட்டியலில் வேற்றுமொழி பேசும் நாட்டிலிருந்து வந்து தங்கியவர்களின் அணையா விளக்கும் ஒன்று. மராத்தி நாட்டில் கடை போட்டிருக்கும் தமிழர்களாகிய நமக்கு அந்த விளக்கு அந்நியமானது அல்ல.

தேர் ஓடுவதற்கு அமைந்த தெரு

சந்தைக்கு முதல் தேவை இடம். மதுரையில் அந்த இடத்தைக் கொடுத்தது கோயில்தான். நடுவில் கோயில், மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள், வெளியே ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சாமி புறப்பாடு நடக்கும் தெருக்கள் இவை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் ஓடும். தேர் திரும்ப வேண்டுமானால் தெரு அகலமாக இருக்க வேண்டும். தேர் ஓடாத மற்ற நாட்களில் அந்த அகலம் யாருக்குப் பயன்படும்? கூடை வைத்து உட்காரும் வியாபாரிக்குத்தான். எந்த நகரசபையும் ஒதுக்காத ஒரு சந்தை மைதானம் இப்படித் தானாக அமைந்தது.

அதற்கு வெளியே கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில் வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் நிற்கின்றன. ஒரு மேஸ்திரியின் பெயரைத் தெருவுக்கு வைத்த ஊர் என்பதில் என்னைப் போன்ற டிப்ளமோக்காரனுக்கு ஒரு தனிச் சந்தோஷம். பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்டதுதான் விளக்குத்தூண். கலெக்டரின் பெயர் மறந்துபோயிற்று. விளக்கின் பெயர் அந்த வட்டாரத்துக்கே ஆகிவிட்டது. தீபாவளிக்கு முந்தின இரவு விளக்குத்தூணிலிருந்து தெற்கு மாசி வீதி வரை விடிய விடிய ஜவுளி விற்பனை. நடைபாதைக் கடையில் கடைசி நேரத்தில் விலை குறையும் என்று காத்திருந்து, விடியற்காலை மூன்று மணிக்கு மேல் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. என் தகப்பனார் அப்படித்தான் வாங்குவார்.

அந்த வட்டாரத்தில் நெசவுத் தொழிலால் பேர் பெற்ற சௌராஷ்டிர மக்களும் நிறைய. குஜராத் பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து வந்தவர்கள். மதுரைச் சுங்குடிப் புடவையையும் நம் மும்பைக் கடைகளில் தொங்கும் பாந்தினிப் புடவையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பவைதான். பிழைக்க வந்த ஊரின் சந்தையைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டவர்கள் நாம் மட்டுமல்ல.

டைம் டேபிள்

இரண்டாவது தேவை நேரம். ரயில் வரும் நேரம் தெரிந்தால்தான் பிளாட்பாரத்தில் டீ விற்பவன் அடுப்பை மூட்டுவான். மீனாட்சி கோயிலில் மத்தியானம் நடை சாத்தி, மாலை நாலு மணிக்குத் திறப்பார்கள். இரவில் கடைசியாகப் பள்ளியறை பூஜை. சுந்தரேசுவரரின் திருப்பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்கு எழுந்தருளச் செய்வார்கள். அதைத் தரிசித்த கூட்டம் ஒன்பதரை, பத்து மணி வாக்கில் ஒரே நேரத்தில் வெளியே வரும். அப்போது பசி இருக்கும், மனம் நிறைந்திருக்கும், கையில் கொஞ்சம் சில்லறையும் இருக்கும். வியாபாரிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது.

கோயில் நேரத்தோடு வேறு இரண்டு கடிகாரங்களும் சேர்ந்துகொண்டன. ஒன்று ரயில். தென்னிந்திய ரயில்வேயின் பாதை 1875இல் மதுரைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தூத்துக்குடியைத் தொட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேசுவர யாத்திரிகர்கள் ரயிலிலேயே தீவுக்குப் போகலாம் என்றாயிற்று. வழியில் மதுரையில் இறங்கித் தங்குவார்கள். ராணி மங்கம்மாள் பெயர் தாங்கிய சத்திரம் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது. இன்னொன்று மில் சங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி மில் வந்தது. ஷிப்ட் முடிந்து நடுநிசியில் வெளியே வரும் தொழிலாளிக்கு அந்த நேரத்தில்தான் சாப்பாட்டு வேளை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய பருத்திப்பால் அவர்களுக்கு வயிற்றையும் நிரப்பும், உடம்பு வலியையும் தணிக்கும்.

மல்லிகைக்கும் ஒரு டைம் டேபிள் உண்டு. மொட்டை விடியற்காலையில் பறிக்க வேண்டும். காலையில் மொத்தச் சந்தையில் எடை போட்டு விற்பார்கள். மத்தியானம் வீடுகளில் பெண்கள் தொடுப்பார்கள். மாலையில் மொட்டு இதழ் விரியத் தொடங்கும். இரவில்தான் வாசனை உச்சத்துக்கு வரும். ஆகவே அந்தி நேரத்தில் கோயில் வாசலில் விற்பதுதான் அந்தப் பூவின் இயற்கையோடு ஒத்துப்போகிறது. மறுநாள் அதை விற்க முடியாது. அதனால் பள்ளியறை பூஜை முடிந்ததும் விலை இறங்கும். ஏழை வீட்டுப் பெண்களும் தலை நிறையப் பூ வைத்துக்கொள்வது அந்தக் கடைசி அரைமணி நேர விலையில்தான். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் தொடுத்த கைகளுக்கும் கூடை சுமந்து வந்த தலைகளுக்கும் பங்கு உண்டு.

முழம் என்ற அளவையும் சொல்ல வேண்டும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம். சுமார் பதினெட்டு அங்குலம். விற்பவரின் கை குட்டையானால் முழமும் குட்டை. தண்டவாள அகலத்தில் சில மில்லிமீட்டர் கூடினாலே கையெழுத்துப் போட்டுப் பதில் சொன்னவன் நான். பூக்கார அம்மாவிடம் அளவுகோலை நீட்டியது கிடையாது. அளந்து முடித்தபின் அவர்கள் கூடுதலாக விட்டுத்தரும் நாலு கண்ணிப் பூவில் கணக்கு நேராகிவிடும்.

வெளிச்சம்

மூன்றாவது தேவை விளக்கு. எண்ணெய் அகலில் வியாபாரம் செய்த காலத்தில் பொருளின் நிறமே சரியாகத் தெரியாது. பிறகு மண்ணெண்ணெய் வந்தது. சிமினி, அரிக்கேன், அதற்கும் பின் பெட்ரோமாக்ஸ். இன்றைய பிள்ளைகளுக்கு அது சினிமா நகைச்சுவையில் மட்டும் தெரிந்த பொருள். அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி. அதில் காற்றடித்து அழுத்தம் ஏற்றுவார்கள். எண்ணெய் மேலே ஏறி, சூடான குழாயில் ஆவியாகி, காற்றோடு கலந்து மேண்டிலுக்குள் எரியும். மேண்டில் என்பது ரசாயன உப்புகளில் தோய்த்த சிறு துணிப்பை. முதல் தடவை எரிந்ததும் துணி போய், வெள்ளைச் சாம்பல் வலை மட்டும் நிற்கும். சூட்டில் பளீரென்று ஒளி விடுவது அந்த வலைதான். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். விளக்குகளை இரவு வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. சாயங்காலம் காற்றடித்து, ஊசியால் அடைப்புக் குத்தி, தலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்றைய லாபத்தில் ஒரு பங்கு விளக்குக்காரருக்குப் போகும். இன்று பாட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு அந்தச் செலவை வெகுவாகக் குறைத்துவிட்டது. சின்ன வியாபாரிக்கு விஞ்ஞானம் செய்த பெரிய உபகாரங்களில் இது ஒன்று.

புது மண்டபமும் ஒரு தீயும்

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. அவர் ஆண்ட காலம் 1623 முதல் 1659 வரை. கல் தூண்களுக்கு நடுவே தையற்காரர்கள், பாத்திரக்கடைகள், வளையல், குங்குமம், மரச்சொப்பு, புத்தகக் கடைகள் என்று நெடுங்காலம் நடந்தன. நாயக்க மன்னரின் சிலைக்குப் பக்கத்தில் தையல் மெஷின் ஓடும்.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, கோயிலின் கிழக்குப் பகுதியில் உள்ள வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் தீப்பற்றி எரிந்தன. கல் மண்டபம் எப்படித் தீயில் விழும் என்று அப்போது பலர் கேட்டார்கள். கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற கனிமம் உண்டு. சுமார் 573 டிகிரி சென்டிகிரேடில் அதன் உள்ளமைப்பு மாறித் திடீரென்று விரிகிறது. சுற்றியுள்ள மற்றக் கனிமங்கள் அதே அளவு விரிவதில்லை. ஆகவே கல் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டுப் பட்டை பட்டையாக உதிர்கிறது. தீ அணைந்த பிறகு பார்வைக்கு நிற்கும் தூணும் பழைய பாரத்தைத் தாங்காது. துணி, பிளாஸ்டிக், மரப்பெட்டி, மின்சார ஒயர் எல்லாம் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அந்தச் சூடு வருவது கஷ்டமல்ல. மண்டபத்தை மறுபடி எழுப்பப் புதிய கல் வெட்டிச் செதுக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இதற்குப் பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. புது மண்டபத்துக் கடைகளுக்குப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் எழுந்த கட்டடத்தில் இடம் தரப்பட்டது. கலைச் சின்னத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கல் மண்டபத்துக்குள் ஒயர் இழுத்துக் கடை வைப்பது ஆபத்துதான். இதில் நாம் கவனிக்க வேண்டியது, கடைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோகாமல் கூப்பிடு தூரத்தில் வைத்தார்கள் என்பதை. கோயிலுக்குப் பக்கத்திலிருந்த சென்ட்ரல் மார்க்கெட் காய்கறி வியாபாரம் மாட்டுத்தாவணிக்குப் போனது வேறு கதை. மொத்த வியாபாரம் லாரியை நம்பியது. லாரி வசதியாக நிற்கும் இடத்துக்குப் போகலாம். சில்லறை வியாபாரம் மனிதர்களின் காலை நம்பியது. கால் நடக்கும் வழியிலிருந்து அதை அரை மைல் தள்ளி வைத்தாலும் செத்துப்போகும். அதை மாற்றி வைப்பவர்கள் சதுர அடியை மட்டும் அளக்கிறார்கள். நேரத்தையும் நடையையும் அளப்பதில்லை.

மாதுங்காவும் தாராவியும்

இனி நம் ஊருக்கு வருவோம். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அதன் பிறகு 1898இல் ஏற்பட்ட இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தாதர், மாதுங்கா பகுதிகளை அகலமான சாலை, நடைபாதை, மரநிழல் என்று திட்டமிட்டு அமைத்தது. அங்கே குடியேறிய தமிழர்கள் பஜனை சமாஜங்களையும் கோயில்களையும் நிறுவினார்கள். கோயில் வந்தால் பூ வர வேண்டும், வாழை இலை வர வேண்டும், தேங்காய், வெற்றிலை, காப்பிப்பொடி எல்லாம் வர வேண்டும். மதுரையில் தேருக்காக அமைந்த அகலம் செய்ததை, மாதுங்காவில் டிரஸ்ட் போட்ட நடைபாதை செய்தது. மாலை ஆறு மணிக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து வருகிற கூட்டமும் கோயிலுக்குப் போகிற கூட்டமும் சேரும் வழியில் நம் பூக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே விற்கும் மல்லிகையில் தெற்கிலிருந்து விமானத்தில் வந்ததும் உண்டு. பால்கர் பக்கத்துத் தோட்டங்களில் பறித்ததும் உண்டு. நமக்கு மல்லி, குஜராத்தி அம்மாவுக்கு மோக்ரா.

தாராவி 90 அடி சாலையில் பொங்கலுக்கு முந்தின இரவுகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் கோலப்பொடியுமாகச் சாலை நிறைந்துவிடும். பக்கத்திலேயே கும்பார்வாடா. அங்குள்ள குயவர்கள் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்தவர்கள், பானைக்குப் பஞ்சமில்லை. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல்தான் அந்த மக்களுக்குக் கடைக்குப் போக நேரம் கிடைக்கும். இரவுச் சந்தை அவர்களுக்குக் கேளிக்கை அல்ல, தேவை. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் 2022 நவம்பரில் முடிவாகி, 2024இல் கணக்கெடுப்பு தொடங்கியது. யாருக்கு எத்தனை சதுர அடி வீடு என்று எல்லோரும் பேசுகிறோம். பொங்கல் சந்தைக்கு எந்தத் தெரு என்று கேட்பவர்கள் குறைவு.

சட்டம் சொல்வது

இரவில் கடை திறக்க அரசுகள் இப்போது தாராளமாக அனுமதி தருகின்றன. 2019இல் தமிழ்நாட்டில் வந்த ஆணை, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றது. 2020 ஜனவரியில் மும்பையில் மால்களுக்கும் பழைய மில் வளாகங்களுக்கும் அதே வசதி கிடைத்தது. இரண்டிலும் நாலு முழம் பூவோடு நடைபாதையில் உட்காரும் அம்மாவுக்கு எதுவும் இல்லை.

அவர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம். நம்மில் பலருக்கு இது தெரியாது என்பதால் மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். ஒன்று, வாங்குபவர்களும் விற்பவர்களும் வழிவழியாகக் கூடும் இடத்தை இயற்கைச் சந்தை என்று சட்டம் ஏற்கிறது. இரண்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயற்கைச் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்று அதன் இணைப்புப் பட்டியலில் எழுதியிருக்கிறது. மூன்று, இவற்றையெல்லாம் கவனிக்க ஒவ்வொரு நகரத்திலும் ஒரு குழு. அதில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கங்களுக்கும் அக்குழுவில் இடம் உண்டு.

நாம் செய்யக்கூடியது

ஐம்பது ஆண்டு என்பதை யார் நிரூபிப்பது? பூக்கார அம்மாவிடம் ரசீதுப் புத்தகம் இருக்காது. ஆனால் நம் வீடுகளில் சான்று இருக்கிறது. பழைய கல்யாண ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். 1960களிலும் 70களிலும் கோயில் வாசலில் எடுத்த படங்களில், மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு கூடையும் ஒரு தராசும் தெரியும். அந்தப் படத்தின் பின்புறத்தில் தேதி எழுதியிருக்கும். அப்படிப்பட்ட படங்களை நம் சங்கத்தில் கொண்டுவந்து பிரதி எடுத்துத் தேதியோடு சேர்த்து வைக்கலாம். எழுபது, எண்பது வயதானவர்கள் எந்த மூலையில் யார் என்ன விற்றார்கள் என்று நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதித் தரலாம். படிக்கும் பிள்ளைகள் அதை ஒரு வரைபடமாக்கலாம். விடுமுறையில் இரண்டு வாரத்தில் முடிகிற வேலை.

குறையும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். நடைபாதை முழுவதும் கடையானால் வயதானவர்கள் சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. இரவு முடிந்ததும் வாழைமட்டையும் நாரும் சாக்கடையை அடைக்கின்றன. நடக்க வழி விட்டுக் கோடு போடுவதும், குப்பைக்கு ஓர் இடம் வைப்பதும், வியாபாரிகளும் குடியிருப்பவர்களும் உட்கார்ந்து பேசினால் நடக்கக்கூடியவையே. வண்டி கொண்டுவந்து கூடையைத் தூக்கிப்போவது தீர்வாகாது.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது பிள்ளைகளை இரவு எட்டு மணிக்கே லாட்ஜில் படுக்க வைக்காதீர்கள். பள்ளியறை பூஜை பார்த்துவிட்டு, சித்திரை வீதியிலிருந்து விளக்குத்தூண் வரை நடத்திக் கூட்டிப்போங்கள். ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுங்கள். வழியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு பின்னால் இருக்கிறது என்று சொல்லுங்கள். மும்பைக்குத் திரும்பியதும் மாதுங்கா பூக்கார அக்காவையும் அதே மரியாதையோடு பார்க்க அவர்களே கற்றுக்கொள்வார்கள்.